நான்கு டயர்களும் நீங்கள் சொன்ன சொல்லும்

அன்பு மாமா,

நீங்கள் போன பிறகு உங்கள் காரை ஷெட்டில் நிறுத்தி, தினமும் மாலை போட்டு நான் கும்பிடுவதாக நாமக்கல்லில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் தங்கை சரோஜாவே ஒரு கல்யாண வீட்டில் அப்படிச் சொன்னாளாம். தவறு. நான் அதை ஓட்டுகிறேன். வியாழன்தோறும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பள்ளிபாளையத்தில் இருக்கும் என் கான்வென்ட் தோழி மேரியைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறேன். கணவனை இழந்தவள் காருக்குப் பூ வைத்தால் ஊருக்குப் புரிகிறது. கியர் போட்டால் புரிவதில்லை.

இந்த வாரம் மட்டும் ஓட்டவில்லை. நான்கு டயரும் மாற்ற வேண்டும். எந்த டயர் என்பதில் உங்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

லாரிகளையெல்லாம் விற்றுவிட்டு, இரண்டே பேர் உட்காரும் இந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கி வந்தீர்களே, அன்றைக்கு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தேடினீர்கள். அதற்கு இடமே இல்லை. வண்டியில் இருந்தவை ரன்-ஃபிளாட் டயர்கள். காற்று முழுவதும் போனாலும் கெட்டியான பக்கச்சுவர் தாங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடுத்த ஊர்வரை போய்விடலாம். உங்களுக்கு அது பிடிக்கவில்லை.

"பஞ்சரானா எறங்கி மாத்தோணும். மாத்தாமயே போறதுக்குப் பேரு டயரா, புள்ள? அடுத்த செட்டு சாதா டயருதான். எழுதி வெச்சுக்கோ."

நம் மகன் கார்த்திக் இப்போது அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான். "அப்பா ஆசைப்பட்டபடி சாதா டயரே போட்டுருங்கம்மா. கூடவே ஒரு டிரைவர வெச்சுக்கலாம். பஞ்சரானா அவர் பாத்துக்குவாரு" என்று புனேயிலிருந்து போன் செய்கிறான். டயரில் தொடங்கும் பேச்சு ஒவ்வொரு தடவையும் சாவியில் போய் முடிகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் முன் நீங்கள் செய்ததையே நானும் செய்து வந்தேன். லாரிக்காரர்களைப் போல வீல் ஸ்பேனரால் ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. திண்ணென்று கேட்டால் காற்று இருக்கிறது. காற்று குறைந்தால் எரியும் அந்த மஞ்சள் விளக்கை நீங்கள் ஒரு நாளும் மதித்ததில்லை. "வெளக்குக்கு என்ன தெரியும்?" என்பீர்கள்.

போன வியாழக்கிழமை விளக்கு எரிந்தது. தட்டினேன். நான்கும் ஒரே மாதிரி ஒலித்தன. பார்வைக்கும் ஒரு வித்தியாசம் இல்லை. கிளம்பிவிட்டேன். திருச்செங்கோடு தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. சாலையோரம் இருந்த டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் பழனிசாமி, உங்கள் லாரிகளுக்கு டயர் மாட்டிய அதே பழனிசாமிதான், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்கம்மா, இதுல காத்தே இல்லீங்களே."

"தட்டிப் பார்த்துட்டுத்தானே வந்தேன்?"

"ஊட்டுக்காரர் பழக்கமுங்களா? அது லாரி டயருக்குங்க. இது காத்தில்லாமயே வெறப்பா நிக்கும். தட்டுனாலும் சொல்லாது, பாத்தாலும் சொல்லாது. வெளக்கு எரிஞ்சிருக்கோணுமே?"

"எரிஞ்சுது."

"அப்பறம் ஏனுங்க வந்தீங்க?"

அவர் டயரைக் கழற்றிக் காட்டினார். உள்பக்க ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. "இன்னுங் கொஞ்ச தூரம் அதே வேகத்துல போயிருந்தீங்கன்னா..." என்று தொடங்கியவர், முடிக்காமல் எனக்கு டீ சொல்லிவிட்டார். டீயைக் குடித்துவிட்டு அந்த ரப்பர் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

காற்றில்லாமல் ஓடிய அந்த டயர் இனி உதவாது. மற்ற மூன்றும் தேய்ந்துவிட்டன. பழனிசாமியும் உங்கள் கட்சிதான். "சாதா டயரே போட்டுக்குங்கம்மா. குழியில மெத்துனு போவும், உங்க இடுப்புக்கும் நல்லது. வழி நெடுக பஞ்சர் கடை இருக்குதுங்களே" என்றார். அதில் பொய்யில்லை. ரன்-ஃபிளாட்டில் வேகத்தடை ஒவ்வொன்றும் என் முதுகில் ஏறி இறங்குகிறது.

ஆனால் மாமா, நீங்கள் பஞ்சராகி நின்றால் அது ஒரு திருவிழா. போகிற லாரியெல்லாம் நிற்கும். ஜாக்கி வரும், டீ வரும், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் என்ற பேச்சும் வரும். நான் நின்றால்? நம் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், கட்டாயம் உதவுவார்கள். உதவுவதற்கு முன், "ஏனுங்கம்மா, தனியாவா வந்தீங்க?" என்று கேட்பார்கள். மதியத்துக்குள் அந்தக் கேள்வி புனே போய்ச் சேர்ந்துவிடும். அத்தோடு என் வியாழக்கிழமை முடிந்துவிடும்.

அதனால் ரன்-ஃபிளாட்டுக்கே சொல்லிவிட்டேன், நான்குக்கும். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நான் வாங்குவது இதுவே முதல் தடவை. கோபமா?

ஒன்றைக் கேட்டு என்னை நானே குடைந்துகொண்டிருக்கிறேன். அந்த ஒலியை நம்பித்தான் தட்டினேனா? தட்டும்போது நீங்கள் பின்னால் நின்று தலையாட்டுவது போலிருக்கும். விளக்கு எரிந்தபோதும் அதை விட மனம் வரவில்லை.

இனி தட்ட மாட்டேன். விளக்கு எரிந்தால் கிளம்ப மாட்டேன். வழியில் எரிந்தால் வேகத்தைக் குறைத்து, முதலில் வரும் கடையில் நிறுத்திவிடுவேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

கார்த்திக், இந்தக் கடிதத்தைத் தபாலில் உனக்கே அனுப்புகிறேன்; நீயும் படிப்பாய். டயரை முடிவு செய்துவிட்டேன். அதில் உன் யோசனையைக் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த இந்த வாக்கை நான் காப்பாற்றும் காலமெல்லாம் சாவியைக் கேட்க மாட்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் "பாக்கலாம்மா" என்று சொல்லாதே. காகிதத்தில், முழு வாக்கியத்தில், கையெழுத்துப் போட்டுப் பதில் எழுது.

உங்கள் மனைவியும் அவன் அம்மாவுமான
ராஜேஸ்வரி