சகலை பார்த்து வைத்த கார்

1970 மே 2, சனி

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கிணற்றுக் கயிறு அறுந்துபோய் புதுக் கயிறு. கையெல்லாம் நார். பள்ளிக்கூடம் லீவு, அதனால் வீட்டு வேலை முழுக்க என் தலையில்.

கயிறு கட்டும்போதே வாசலில் ஸ்கூட்டர் சத்தம். மனோகர். என் மனைவி எஸ்தரின் தங்கை கிரேஸுடைய புருஷன். எனக்குச் சகலை. (இவன் பேரை முழுசாக எழுதுவது மைக்குத் தண்டம். இனி ம.)

"அண்ணா, சிட்லபாக்கத்துல ஒரு கார் வருது. யுத்தத்துக்கு முந்தின சீமை வண்டி. ஒரு ரிட்டயர்ட் இன்ஜினியர், பிரிச்சுப் போட்டு புதுசா பண்ணிட்டிருந்தாராம். பாதி வேலையில கண்ணு மங்கிடுச்சு, குடுத்துடறேங்கறார். நீங்க வந்து பாருங்க."

நான் எதுக்கு என்றேன். "நீங்க பிசிக்ஸ் வாத்தியார் ஆச்சே."

அவனுக்கு எஸ்தர் புதுசாக டிகாக்‌ஷன் போட்டாள். எனக்குக் காலையில் மிச்சம் இருந்ததைச் சூடு பண்ணி.

கார் ஆசை இன்று நேற்று வந்ததா எனக்கு? லைசென்ஸ் எடுத்து பீரோவில் நாப்தலின் உருண்டையோடு கிடக்கிறது. மூர் மார்க்கெட்டில் வாங்கின மெக்கானிக் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து கியர் பாக்ஸையே மனசுக்குள் கழற்றி மாட்டுவேன். ஓட்டுவது சைக்கிள். இவனோ ஸ்கூட்டருக்குப் பிளக் மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவன். இவனுக்குக் கார்.

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன். யார் படிக்கப்போகிறார்கள்.

மே 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேரே சிட்லபாக்கம். ம.வும் கிரேஸும் ஸ்கூட்டரில். நான் சைக்கிளை மிதிக்க, மகள் பியூலா முன்பாரில், எஸ்தர் கேரியரில். சானடோரியம் தாண்டும்போது கிரேஸ் திரும்பிக் கையாட்டினாள். பியூலாவும் ஆட்டினாள். எனக்கு மூச்சு வாங்கியது.

ஏரிப் பக்கம் வீடு. மாமரத்தடியில் ஓலை ஷெட். உள்ளே வண்டி.

முன்பாதி கரும்பச்சை, முகம் பார்த்துத் தலை சீவலாம். பின்பாதி இன்னும் சிவப்பு பிரைமர். பின்சீட் இல்லை, வெறும் பலகை. கதவுக் கைப்பிடிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரி சன்னமான சத்தம்.

அழகு. அப்படி ஒரு அழகு. அதுதான் தாங்கவில்லை.

நான் சொன்ன குறைகள்: ஹார்ன் ஆட்டுக்குட்டி கத்துவது போல் இருக்கிறது. பச்சை ரொம்பக் கருப்பு. பெட்ரோல் குடிக்கும். இந்த அளவு டயர் கிடைக்காது. உயரமானவனுக்குத் தலை இடிக்கும் (ம. உயரம்). வைப்பர் ஒன்றுதான்.

"அத்தான் பரீட்சைப் பேப்பர் திருத்தற மாதிரியே பேசறாங்க" என்றாள் கிரேஸ். எல்லாருக்கும் சிரிப்பு. எஸ்தருக்கும்.

இன்ஜினியரின் மெக்கானிக் ஆறுமுகம்: "இன்னா சார், வந்ததுலேந்து குத்தமே சொல்லிகினு கீறீங்க. ஒரு தபா உள்ள குந்திப் பாரு சார்."

உட்கார்ந்தேன். ஸ்டியரிங் என் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல. பியூலா வந்து சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் இறங்கினேன். மற்றவர்கள் ஏற்கெனவே தெருவில்.

மே 5, செவ்வாய்

அஸ்தினாபுரம். மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. காலையில் கோவளத்து மீன்காரம்மா வந்திருக்கிறாள், வஞ்சிரம். நடுத்துண்டு ம.வுக்கு. வால் எனக்கு. "நீங்க முள்ளு பார்த்துச் சாப்பிடுவீங்க மாப்பிள்ளை. அவருக்குப் பழக்கமில்ல."

மூத்த மாப்பிள்ளைக்கு வால். எங்கே போய்ச் சொல்ல.

கார் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. ம. ஆபீஸில் லோன் போட்டிருக்கிறான், சனிக்கிழமை சாயங்காலம் பணத்தோடு போய் எடுக்கிறான். ஞாயிறு எல்லாருமாக மகாபலிபுரம். மாமியாருக்கு முன்சீட். பியூலா இப்போதே ஜன்னலோரம் கேட்டு வாங்கிவிட்டாள்.

"அண்ணா பின்னாடி பலகையில அட்ஜஸ்ட் பண்ணிக்கட்டும். சீட் அடுத்த மாசம் போட்டுடலாம்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவன் எதையும் நல்ல மனசோடுதான் சொல்லித் தொலைப்பான்.

கை கழுவும்போது சோப்பு கண்ணில் பட்டு ஒரே எரிச்சல்.

மே 6, புதன்

பள்ளிக்கூட லேப் சாவி என்னிடம். லாடக் காந்தம் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பழைய வண்டியில் இரும்பு ஓட்டை விழுந்தால் லப்பம் வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. காந்தம் லப்பத்தில் ஒட்டாது.

நல்லெண்ணத்தில் போனேன் என்று இங்கேயும் எழுதினால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன்.

சிட்லபாக்கத்துக்கு ம.வும் ஆபீஸ் முடிந்து வந்திருந்தான். கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். மொத்த வண்டியையும் தாங்குகிற அடிச்சட்டத்தில் முன்னாலிருந்து வைத்துக்கொண்டே வந்தேன். டக். டக். டக். வலதுபக்கம் பின்னால், ஸ்பிரிங் தொங்குகிற இடத்தில் காந்தம் வழுக்கி என் நெஞ்சில் விழுந்தது. மறுபடி வைத்தேன். விழுந்தது. கையகலத்துக்குப் பிடிப்பே இல்லை.

முதலில் வந்தது சந்தோஷம். மல்லாக்கப் படுத்துக்கொண்டு சிரித்தேன். மாட்டினாயா மகனே என்று.

அப்புறம்தான் பியூலா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குள் வந்தது. ஓட்டத்தில் அந்த இடம் விட்டுப்போனால் பின்சக்கரம் கோணிக்கொள்ளும், வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எதிரே லாரி வந்தால் தீர்ந்தது.

வெளியே வந்து சொன்னேன்.

ஆறுமுகம்: "அங்க பெயிண்டு தடியா கீது சார், அதான். காந்தம் வெச்சி வண்டி பாக்கறத இப்பத்தான் பாக்கறேன். வண்டி கல்லு மாரி கீது."

சுரண்டிப் பார்க்கலாம் என்றேன். இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழவில்லை. "சுரண்டின வண்டிய நாளைக்கு வேற எவன் வாங்குவான் சார்? வாங்கினப்புறம் உங்க இஷ்டம், அறுத்துக்கூடப் பாருங்க." பாவம், அவருக்கே தெரியாதோ என்னவோ. அந்தக் கண்ணுக்கு என்ன தெரியும்.

ம. என்னைத் தனியாகக் கூட்டிப்போனான். "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஹார்ன் சரியில்லன்னீங்க. அப்புறம் கலரு. அப்புறம் வைப்பரு. இன்னிக்கு அடிச்சட்டம்." தோளில் கை வைத்தான். "விடுங்கண்ணா."

தப்பு என் மேல்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு என் பேச்சுக்கு மதிப்பு இருந்திருக்கும்.

மே 7, வியாழன்

எஸ்தரிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, உங்களுக்கு வயித்தெரிச்சல்."

"வயித்தெரிச்சல்தான். ஆனா ஓட்டையும் இருக்கு."

"கிரேஸ் கல்யாணத்துல அவங்க போட்ட பந்தலே சரியில்லன்னு சொன்னவர்தானே நீங்க."

பந்தல் நிஜமாகவே சரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லி என்ன பயன்.

சாயங்காலம் அஸ்தினாபுரம் போய் மாமியாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணை மூடி, எனக்கு எதிரிலேயே ஜெபம் பண்ணினார். "கர்த்தாவே, இந்தப் பிள்ளையோட இருதயத்தை விசாலமாக்கும்." நானும் ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துபோனேன்.

மே 8, வெள்ளி

செய்துவிட்டேன்.

காலை போஸ்ட் ஆபீஸ். படப்பையில் மனை வாங்க வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். துடைத்து எடுத்தேன். எஸ்தரிடம் சொல்லவில்லை. சிட்லபாக்கம் வரை சைக்கிளில் ஒரு கை சட்டைப்பையை அழுத்தியபடியே.

"நீங்கதானே சார் குறை சொன்னீங்க?" என்றார் இன்ஜினியர்.

"ஆமா."

"உங்க தம்பி நாளைக்கு வரேன்னாரே."

"முழுப் பணமும் இப்பவே இருக்கு."

அவர் நோட்டுகளை மகளிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். கையெழுத்து. சாவி என் கையில்.

ஆறுமுகத்திடம் ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி அடியில் படுத்தேன். குத்தியதும் லப்பம் அப்பளமாகப் பெயர்ந்து முகத்தில் கொட்டியது. உள்ளே இரும்பே இல்லை, துருத்தூள். விரல் தாராளமாக நுழைந்தது. ஆறுமுகம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எனுக்கு மின்னாடி இருந்தவன் செஞ்ச வேலை சார். நான் இன்னாத்த கண்டேன்."

நான் சொன்னது சரி. அட்சரம் பிசகாமல் சரி. ஆனால் குத்துவதற்கு முன்னால், உள்ளே நல்ல இரும்பாக இருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டேன். அது ஏன் என்று தெரியவில்லை.

வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். எஸ்தரிடம் இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். படப்பை மனையில் மாதுளை வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

மே 9, சனி

ம. வீடு. கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டலாம் என்று. நான் போவதற்குள் செய்தி போய்விட்டது. கிரேஸ் என்னைப் பார்த்ததும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "குறை சொல்லிச் சொல்லி, கடைசியில தானே அமுக்கிக்கிட்டாரு" என்று உள்ளிருந்து, நன்றாகக் கேட்கிற மாதிரி.

ம.விடம் எல்லாம் சொன்னேன். லப்பம், துரு, விரல் போனது. ஒரு தடவை வந்து பார், உன் கண்ணாலேயே பார் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"வேணாம்ணா. பார்த்து என்ன ஆகப்போகுது." கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்த முகமாகவே இருந்தான். "உங்களுக்கு அந்த வண்டி மேல இவ்வளவு ஆசைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுக்குடுத்திருப்பேனே."

விட்டுக்கொடுத்திருப்பான். எனக்குத் தெரியும். அதிலும் அவன்தான் உசத்தி. அவன் சட்டையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கலாம் போல வந்தது. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மே 10, ஞாயிறு

புழுக்கம். காற்றே இல்லை.

மகாபலிபுரம் போவது நிற்கவில்லை. பஸ்ஸில் போகிறார்கள். ம., கிரேஸ், மாமியார், எஸ்தர், பியூலா. என்னையும் ம. கூப்பிட்டு அனுப்பினான். தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

எஸ்தர் புளிசாதம் கட்டி, பியூலாவுக்கு ரிப்பன் வைத்து, செருப்பு மாட்டும்போது கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு.

"அந்த ஓட்டை நிஜமா?"

"வந்து பாரேன்."

"பார்க்க வேணாம். நீங்க சொல்லுங்க, போதும்."

"நிஜம். சத்தியமா நிஜம்."

என் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று தெரிந்தது.

"சரி. ஓட்டை இல்லாம இருந்திருந்தா, அவர் வாங்கறத சும்மா பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

புளிசாதப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.