கழுவினால் போகாது

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முதுகுவலி, பாப்பாவின் இருமல் இரண்டும் எப்படி இருக்கிறது?

நீங்கள் அனுப்பிய கீரைப் பொடி வந்தது. நான் குடுவை கழுவும் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டி, எங்கள் ஆற்றோரக் கீரை என்று பெருமையடித்தேன். மெஷின் பார்க்கும் அக்கா விளையாட்டாக ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்தார். அப்புறம் அவர் சிரிக்கவே இல்லை. "ஈயம்டி. இருக்கவே கூடாத அளவு" என்றார்.

பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம்தானே என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். அது வெள்ளீயமாம், இது காரீயம், விஷம். பழைய பேட்டரி உருக்கும் பட்டறைக் கழிவு ஏதாவது ஆற்றில் கலந்திருக்கும் என்கிறார். நாலு தண்ணீர் அலசித்தானே காயவைக்கிறோம் என்றேன். "இலை மேல இருந்தா கழுவலாம். இது வேர் வழியா உள்ள போயிருக்கு" என்றார்.

பாப்பாவுக்குத் தினமும் கீரை கொடுங்கள் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதியவள் நான்தான். உங்கள் காலில் விழுகிறேன், இனி ஓர் இலைகூட அவளுக்கு வேண்டாம். விற்கவும் வேண்டாம். இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே அந்தச் சோதனை இல்லை என்றால், அவள் முடியில் ஒரு கொத்தை ஒட்ட வெட்டிக் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். ஈயம் முடியிலும் தங்குமாம், அக்கா பார்த்துச் சொல்வார். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

எதுக்கு முடி என்று பாப்பா கேட்டால், அம்மா ஆசையாகக் கேட்டாள் என்று சொல்லுங்கள். அதுவும் பொய் இல்லை.