சாட்சிக் கையெழுத்து

புரட்டாசி, வெள்ளி.

பெரிய பேரன் டாக்டர். சின்னவன் சொந்தமாக லாரிப் பட்டறை வைத்துவிட்டான். பேத்தி கவிதா, மலைவாழ் மக்கள் எப்போது, ஏன் திரண்டு எழுகிறார்கள் என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கப் போகிறாள். அதை ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தேன். இன்று டி.வி. செய்தியில் பார்த்தால், கலெக்டர் ஆபீஸ் முன்னால் கொல்லிமலைக்காரர்களோடு அவளும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் திருப்பிக் கேட்பது எங்கள் மிளகுத் தோட்டத்தை!

போனில் சத்தம் போட்டேன். "ஏஞ்சாமி, உங்க தாத்தா வாங்குன தோட்டத்துக்கு எதிராவா கோஷம் போடறே?"

"வாங்குலீங்க அப்பத்தா. மலைக்காரங்ககிட்ட குத்தகைன்னு சொல்லிக் கிரயத்துக்குக் கைநாட்டு வாங்கிட்டாரு. சாட்சிக் கையெழுத்து நீங்க போட்டதுங்க."

எழுதத் தெரிந்த மருமகள் என்று மாமனார் மெச்சினார். வாசித்துப் பார்க்காமலே போட்டேன். கவிதாவிடம் அந்தப் பத்திரத்தை நகல் எடுத்துத் தபாலில் அனுப்பச் சொல்ல வேண்டும். அது யாருடைய கைநாட்டு என்று நான் பார்க்க வேண்டும்.