கடல்தண்ணீரில் விட்ட மீன்

நவம்பர் 12, செவ்வாய்

கலியாணமாகி பிரான்சுக்குப் போன மகள் விட்டுப்போன கண்ணாடித் தொட்டியில், பெரிய மீன் சின்னதின் வாலைக் கடித்துக் குதறியிருந்தது. மண்டைதீவுக் கடலுக்குப் போய் வந்த இவர் சின்னதைக் கிண்ணத்தில் எடுத்து, கடல்தண்ணீரை ஊற்றினார். "வலை அறுத்த என்ரை கையெல்லாம் இதிலைதானே ஆறினது" என்றார். நானும் நம்பினேன். அது நல்லதண்ணீர் மீன் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. பொழுதுபடுவதற்குள் செத்து மிதந்தது.

மகள் அழைத்தபோது இவரே சொன்னார். அவள் அழவில்லை. "முதல்தரம் கடிக்கேக்கையே பிரிச்சு விட்டிருக்கலாமெல்லே, அப்பா?" என்றாள். பின்னால் மருமகனின் குரல் கேட்டது. அவள் சட்டென்று அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

மகள் மீனைப் பற்றித்தான் கேட்டாள் என்று நினைத்துக்கொண்டு இவர் தூங்கிவிட்டார்.