குறையாத மதிப்பெண்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எனக்குச் சளி பிடித்தது. பிறகு அதுவே சலித்துப்போய் ஓடிவிட்டது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தனியாக இருக்கும் வயதானவர்களுக்குப் பேச்சுத்துணையாக வாரம் ஒருமுறை ஓர் ஆளை எங்கள் அலுவலகம் அனுப்புகிறது. ஆறு மாதம் கழித்து நான் படிவத்தோடு போய், தனிமை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கிறேன். குறைந்திருந்தால் வெற்றி, துணையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

நேற்று போனது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வீட்டுக்கு. துணைக்கு வந்தவரோடு கேரம் ஆடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கிளம்பியதும், வாரத்தில் எத்தனை நாள் தனிமையாக இருக்கிறது என்று கேட்டேன்.

“ஏழு நாளும்னு போடும்மா. எட்டாவது நாள் இருந்தா அதையும் சேர்த்துக்க.”

“இப்பதானே சிரிச்சிட்டு இருந்தீங்க?”

“அதை எழுதித் தொலைச்சிடாத. அவரைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க.”

ஏழு என்றே எழுதினேன். எங்கள் சேவையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்று முடிவாயிற்று. ஆகவே இன்னும் ஆறு மாதம் தொடரும்.

போனில் எப்போது கேட்டாலும் “எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன்” என்கிறீர்கள். அந்தப் பதிலுக்கு எங்கள் அலுவலகம் யாரையும் அனுப்பாது. நானும் உங்களிடம் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லி வருகிறேன்.

என் அறையில் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்றுவது எப்படி என்று எழுதுங்கள். கீழ் வீட்டிலேயே பிளம்பர் இருக்கிறார். இருந்தாலும் நீங்கள் எழுதுங்கள். நாலு பக்கம் போனாலும் பரவாயில்லை.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது.

உங்கள் வாயாடி