மூடுபனியில் ஜீப்பை ஓட்டியது யார்

மச்சான்,

மிளகு மூட்டையை நகர்த்தியபோது பின்னாலிருந்து அது சரிந்து விழுந்தது. கண்ணாடி மாதிரி மூன்று பிளாஸ்டிக் குழாய், குழாய்க்கு ஒரு பந்து, வாயில் வைத்து உறிஞ்ச ஒரு நீல டியூப். ஆஸ்பத்திரியில் உங்கள் மகன் கோகுலுக்குக் கொடுத்த மூச்சுப் பயிற்சிச் சாமான். துடைத்துவிட்டு நானே உறிஞ்சிப் பார்த்தேன். மூன்று பந்தும் ஒரே இழுப்பில் உச்சியில் போய் இடித்தன. நீங்கள் இருந்திருந்தால், "ஒண்ணு எந்திரிச்சிருக்கும், மத்த ரெண்டும் உங்க புளுகு" என்றிருப்பீர்கள்.

அவன் நெஞ்சு நடுவில் குழிந்திருந்ததை ஊரில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். எட்டாவதோடு நின்றவன் என்றாலும், அந்த ஆபரேஷனை ஏற்காடு ஜீப் ஸ்டாண்டு முழுக்க விளக்கியவனும் நான்தான். நெஞ்சைப் பிளக்க மாட்டார்கள். விலாவில் இரண்டு பக்கமும் சின்னக் கீறல். ஒன்றில் கேமரா. வளைந்த இரும்புப் பட்டையை நெஞ்செலும்புக்குக் கீழே நுழைத்துத் திருப்பினால் குழி மேலே எழும்பிவிடும். நெஞ்சு அப்படியே நிலைத்த பிறகு, சில வருஷம் கழித்துப் பட்டையை எடுத்துவிடுவார்கள். "ஜீப்புக்கு அடியில இருக்கற ஸ்பிரிங் பட்டையாட்டம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீங்கள் சிரிக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் முன்னே போக, அவன் மட்டும் கொட்டச்சேட்டு மேட்டில் நின்று மூச்சு வாங்கியதை வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியவர் நீங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வலிக்கு அஞ்சி அவன் மூச்சை இழுக்கவே மறுத்தான். குருவி மாதிரி மேல்மூச்சு மட்டும். பந்துகள் அசையாமல் கிடந்தன. நர்ஸம்மா உங்களைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சளி கட்டுதுங்க. காய்ச்சலும் ஏறுது. இப்படியே போனா நொம்பச் சிரமமாயிரும். சாயங்காலம் டாக்டர் பாத்துட்டு மூச்சுக்கு மிஷின் வெக்கறதானு முடிவு பண்ணுவாரு."

என் அக்கா, "ஒரே ஒரு தடவ இழு சாமி" என்று கெஞ்சினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நீங்கள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றீர்கள், இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிப்பதைப் போல.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன்.

"ஏனுங்க மச்சான், அன்னைக்கு மூடுபனியில நம்ம ஜீப்ப மலையேத்துனது ஆருங்க? உங்களுக்குக் கை நடுங்கிப் போச்சு. ஸ்டியரிங்க எங்கிட்டக் குடுத்துட்டு ஓரமா உக்காந்துட்டீங்க."

கோகுலின் உதடு மட்டும் அசைந்தது. "பொய்."

அவனுக்குத் தெரியாதா? சின்னப் பையனாக அன்று முன்சீட்டில் உங்கள் பக்கத்தில் இருந்தவன் அவன். நான் பின்னால் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். இன்றுவரை எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அவன் உங்களைப் பார்த்தான். எஸ்டேட் முதலாளியே கேட்டாலும் ஸ்டியரிங்கைத் தராத நீங்கள், என் புளுகு எதற்கும் தலையாட்டாத நீங்கள், அன்று தலையாட்டினீர்கள்.

"ஆமாஞ் சாமி. மாமன்தான் ஓட்டுனாரு. அப்பன் பயந்துட்டேன்."

அவன் கண் விரிந்தது. நெஞ்சு எழும்பியது. வலியில் முகம் கோணியும் மூச்சு நிற்கவில்லை. "ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க. நானுந்தான் வண்டியில இருந்தேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சளி வந்தது. அக்கா ஓடிவந்து முதுகைத் தாங்கினாள்.

நீங்கள் அந்த டியூபை எடுத்து அவன் வாயருகில் வைத்தீர்கள். "மூணு பந்தும் மேல போகட்டும் கண்ணு. அப்ப நெசத்தச் சொல்றேன்."

ஒரு பந்து எழும்பி விழுந்தது. பிறகு மறுபடியும். டாக்டர் வந்தபோது இரண்டாவதும் ஆடிக்கொண்டிருந்தது. மிஷின் வேண்டாம் என்றார். வீடு திரும்புகிற நாளில் மூன்றும் எழும்பின. "இப்பச் சொல்லுப்பா" என்றான். நீங்கள் சிரிக்காமல், "மாமன்தான் ஓட்டுனாரு" என்றீர்கள்.

பட்டையை எடுக்கும் வரை நீங்கள் இருக்கவில்லை. போன மழைக்காலத்தில், ஸ்டாண்டிலேயே, வண்டியில் சாய்ந்தபடி போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். சென்ற மாதம் பட்டையை எடுத்தார்கள். இரும்பு இல்லாமல் நெஞ்சு நிற்குமா, மறுபடி குழிந்துவிடுமா என்று பயந்தேன். அவன் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

நேற்று அவனை ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். உங்கள் சிநேகிதர்கள் நாலு பேர் இருந்தார்கள். நான் குரலை உயர்த்தி ஆரம்பித்தேன்: "அன்னைக்கு அந்த மூடுபனியில, இவங்கப்பனுக்குக் கை நடுங்கி..."

அவன் மூச்சை இழுத்தான் மச்சான். முழு மூச்சு. சட்டைப் பித்தான்கள் இறுகுவதைக் கண்ணால் பார்த்தேன்.

"பொய்ங்க. எங்கப்பாதான் ஓட்டுனாரு."

ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. நாளைக்கும் அந்தப் பொய்யைச் சொல்லப்போகிறேன்.