மகனின் கடவுச்சொல்

புதன்கிழமை. மழை விட்டும் வாவிப் பக்கம் தவளைச் சத்தம் ஓயவில்லை.

இன்று ஒன்பதாம் வகுப்புக்குக் கணினிப் பாடத்தில் கடவுச்சொல் பற்றிப் படிப்பித்தேன். ஒருவருடைய மின்னஞ்சலை அவருக்குத் தெரியாமல் திறப்பது, எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், பிழை என்றேன். முன்வாங்கில் இருந்த பிள்ளை எழும்பிக் கேட்டாள்:

"அம்மா திறந்தாலுமா டீச்சர்?"

"ஓம், அம்மா எண்டாலும் பிழைதான்."

சொல்லும்போதே எனக்கு முகம் சுட்டது.

மகன் கட்டாருக்குப் போய் மூன்று வருடம். வேலைக்கு விண்ணப்பிக்க அவனுக்கு மின்னஞ்சல் திறந்து கொடுத்தவள் நான்தான். அந்தக் கடவுச்சொல்லைப் போட்டு ஒவ்வொரு வெள்ளியும் உள்ளே போய்ப் பார்ப்பேன். வேறு எதையும் வாசிப்பதில்லை. ஊருக்கு வர விமான டிக்கெட் போட்டிருக்கிறானா என்று மட்டும்தான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனில் கோல் எடுத்து அவனிடம் உண்மையைச் சொன்னேன். கோபிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"எனக்குத் தெரியும் அம்மா. நீங்க திறக்கிற நேரமெல்லாம் என்ட போனுக்கு அறிவித்தல் வரும். நீங்கதானே பாக்கிறீங்க எண்டுதான் மாத்தல்ல."

"இப்பவே மாத்து மகன். புதுசு என்னெண்டு எனக்கும் சொல்லாத."

மாற்றிவிட்டான். செய்தது சரிதான். நாளைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம்.

ஆனால் இனி, எப்போது வருகிறாய் என்று அவனிடமே கேட்க வேண்டும். இதுவரை டிக்கெட் இல்லாத வெள்ளிகளில், அடுத்த வெள்ளி இருக்கிறதே என்று படுத்துவிடுவேன். "இந்த வருசமும் வர ஏலாதும்மா" என்று அவன் வாயாலேயே கேட்டுவிட்டு எப்படிப் படுப்பது?